பாத்தேக் பெட்டியா, வண்ண அரிசியா?

பள்ளி விடுமுறைக்கு சுங்கை சிப்புட் வீட்டில் பிள்ளைகளோடு இரண்டையும் செய்து பார்த்தோம்.

பாத்தேக் என்றால் துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் தீட்டும் கலை. அதற்கான பெட்டியில் வெள்ளைத் துணியில் செம்பருத்தியையோ வண்ணத்துப்பூச்சியையோ மெழுகால் ஏற்கெனவே வரைந்து தருகிறார்கள், சாயமும் தூரிகையும் கூடவே வரும். அசல் பாத்தேக்கில் சாந்திங் என்ற கருவியால் சூடான மெழுகை ஊற்றி வரைவார்கள். அது பெரியவர்கள் வேலை, அதனால் பிள்ளைக்கு மிஞ்சுவது வண்ணம் மட்டும்தான். ஆனால் அதுவே ஒரு அதிசயம்! துணியை லேசாக நனைத்து, இதழின் நடுவில் தூரிகை நுனியை வைத்தால் சாயம் தானாகவே பரவி, மெழுகுக் கோடு வந்ததும் நின்றுவிடும். என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கோட்டில் இடைவெளி இருந்தால் சாயம் பக்கத்து இலைக்குள் கசியும், முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம், பழைய சட்டை போட்டுவிடுங்கள், கறை போகாது.

வண்ண அரிசிக்குப் பெட்டியே வேண்டாம். நொய்யரிசி, உணவுச் சாயம், நிறம் பிடிக்கக் கொஞ்சம் வினிகர் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, தாளில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மணிலா அட்டையில் கோலம் வரைந்து, பகுதி பகுதியாகப் பசை தடவித் தூவ வேண்டியதுதான். மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லாரும் ஒரே அட்டையைச் சுற்றி உட்காரலாம்.

என் ஓட்டு அரிசிக்குத்தான், ஏனென்றால் அதில் கோடும் பிள்ளைகளே போட்டது. பொறுமையாக உட்காரும் பெரிய பிள்ளை ஒன்று மட்டும் வீட்டில் என்றால் பாத்தேக் வாங்குங்கள்.