டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

என் மகளுக்கு இது ஏழாம் மாதம், இரண்டாவது குழந்தை. மாப்பிள்ளை புரசைவாக்கத்தில் ஒரு மருந்துக் கடையிலிருந்து இரண்டு டப்பா சத்துமாவு வாங்கி வந்திருக்கிறார். ஒரு டப்பாவில் 30 பொட்டலம், விலை 1,480 ரூபாய். முன்பக்கத்தில் ஒரு குழந்தையின் தலையைச் சுற்றி ஒளிவட்டம், அதன் கீழே பெரிய எழுத்தில், ‘பிரசவ நேர ஆக்சிஜன் குறைவிலிருந்து குழந்தையின் மூளைக்குக் கவசம்’. நான் பெரம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மகள் எட்டுப் பொட்டலம் குடித்து முடித்திருந்தாள்.

பிரசவ அறையில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். மூத்தவன் பிறந்தவுடன் அழவில்லை. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. உடனே துடைத்து, முதுகைத் தேய்த்து, ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் பை) வைத்து மூச்சுக் கொடுத்துத்தான் அழ வைத்தார்கள். சத்தமே வராத அந்த ஒரு நிமிடம் முழுக்க மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். பேரனுக்கு இப்போது நான்கு வயது, நன்றாக ஓடியாடுகிறான். ஆனால் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. “இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது, அத்தை” என்றார். இந்த மாவை விற்பவர்கள் கைவைப்பது அந்தப் பயத்தின் மீதுதான்.

சுவையைச் சொல்லிவிடுகிறேன். பாலில் நன்றாகக் கரைகிறது, கட்டி விழவில்லை, மாதுளை மணம். குமட்டல் இருப்பவர்களும் குடித்துவிடலாம். ஆனால் 15 கிராம் பொட்டலத்தில் 6 கிராம் சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை மகளுக்கு இந்த மாதம்தான். இதில் கால்சியமும் இருக்கிறது. ‘இரவு உணவுக்குப் பின்’ என்று போட்டிருக்கிறார்கள். அவள் இரும்புச்சத்து மாத்திரை போடுவதும் அப்போதுதான். கால்சியம் சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதைப் பற்றி டப்பாவில் ஒரு சொல் இல்லை. கிரியேட்டின் (உடம்பின் செல்களுக்கு ஆற்றல் தர உதவும் பொருள்), மாதுளைச் சாறு இரண்டையும் ‘சிறப்புக் கலவை’ என்று ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். எது எவ்வளவு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. முன்பக்கம் மூளையைக் காப்பேன் என்கிறது, பின்பக்கம் நான் மருந்தே இல்லை என்கிறது.

உள்ளே ஒரு துண்டுத்தாளில் ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்றும் இருந்தது. அந்த ஆராய்ச்சிகள் எவை என்று எனக்குத் தெரியும். மாதுளைச் சாறு பற்றியது 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்தது. கர்ப்பமான சுண்டெலிகளுக்குச் சாற்றைக் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள். குட்டிகளின் மூளைச் சேதம் குறைந்தது. கிரியேட்டின் ஆராய்ச்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதுவும் ஒருவகைச் சுண்டெலியில்தான். இரண்டும் நேர்மையான வேலை. என்றாவது ஒரு நாள் பிரசவ அறைக்குப் பயன்படட்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். ஆனால் கிரியேட்டினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளைத் தேடிய, மருத்துவ ஆராய்ச்சிகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழுவுக்கு 2014-இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துண்டுத்தாளில் எலி என்ற சொல்லே காணோம்.

எலியை விடுங்கள், மனிதக் குழந்தைகளில் பலன் தந்த சிகிச்சைகூட ஊர் மாறினால் மாறிப்போகிறது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பது மேல்நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சென்னைக் குழந்தைகளும் அதில் உண்டு. 2021-இல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்ததே இப்படி முடிந்திருக்கும்போது, எடையைக்கூட வெளியே சொல்லாத ஒரு கலவையை நம்பி என் மகளைக் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாவு குடிக்கிறோமே என்ற தைரியத்தில் ஒருத்தி, குழந்தை அசைவு குறைந்த இரவில் ‘காலையில் போய்க்கொள்ளலாம்’ என்று படுத்துவிடலாம். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் சரிந்தாலோ, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலோ எந்த மாவும் நிமிடங்களைத் திருப்பித் தராது. அப்போது வேண்டியது வண்டியும், பக்கத்தில் அறுவை அரங்கும்.

மகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் டப்பாவைக் காட்டினோம். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு நிறுத்தச் சொன்னார். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, கால்சியம், வழக்கமான சாப்பாடு, இவை போதும் என்றார். மாதுளை பிடித்திருந்தால் பழமாகவே சாப்பிடட்டும் என்றார். நான் அங்கே கேட்டது வேறு: “ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவமானால், ஆம்பு பேக் பிடிக்கத் தெரிந்தவர் அறைக்குள்ளேயே இருப்பாரா?” இருப்பார் என்று சொன்னதோடு நிற்காமல், குழந்தையைக் கிடத்திச் சூடு கொடுக்கும் வார்மரையும் அதன் தலைமாட்டில் தொங்கிய பையையும் காட்டினார்கள். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

பிரிக்காத டப்பாவைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தார். பிரித்ததற்குத் தர முடியாது என்றார், அது நியாயம்தான். மீதி 22 பொட்டலங்களை மகள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கும் ஐந்தாம் மாதம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மகள் இடப்பக்கமாகப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணுகிறாள். காலண்டரில் அதைக் குறித்து வைப்பது மாப்பிள்ளை.