ஆக்சிஜனா, சோடியம் குளோரைட்டா? குழாய் உலையில் ஆல்டிஹைடை அமிலமாக்குதல்

ஆல்டிஹைடு என்ற கரிமச் சேர்மத்தை மெல்லிய குழாயில் ஓடவிட்டபடியே அமிலமாக்க இரண்டு வழி: ஆக்சிஜன் வாயு, அல்லது சோடியம் குளோரைட். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஆக்சிஜன் சிலிண்டர் வெல்டிங் பட்டறைக்கே வந்துவிடும். ரெகுலேட்டரில் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் தீப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட கையோடு ரெகுலேட்டரைத் தொடாதீர்கள்.

ஹெப்டனால் போன்ற நேர்ச்சங்கிலி ஆல்டிஹைடுக்கு ஆக்சிஜனே மலிவு. 1 மில்லிமோலுக்கு அரை மில்லிமோல் வாயு, அதாவது அறை வெப்பத்தில் சுமார் 12 மி.லி. 5 பார் அழுத்தத்தில் அது 2.4 மி.லி.யாகச் சுருங்கும். ஆனால் இடையில் பெர்அமிலம் (கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணு கொண்ட அமிலம்) உருவாகும். வெளிவரும் திரவத்தை ஸ்டார்ச்-அயோடைடு தாளில் சோதித்து, நீலமானால் சல்பைட் கரைசலால் முறியுங்கள். கிளைச்சங்கிலியானால் ஃபார்மேட் எஸ்டரும் கலந்து வரும்.

சிட்ரோனெல்லால் (நம் செராய் வாங்கி என்ற மணப்புல்லின் எண்ணெயில் இருக்கும் ஆல்டிஹைடு) வேறு கதை. அந்தப் பெர்அமிலம் அதன் இரட்டைப் பிணைப்பைத் தாக்கும். இங்கே குளோரைட்தான். சமையல் உப்பான குளோரைடு அல்ல, பெயரில் ஏமாறாதீர்கள்!

1 மி.மீ. உள்விட்டமுள்ள 10 மீட்டர் பி.எஃப்.ஏ. (வேதிப்பொருள் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் சுமார் 7.9 மி.லி. கொள்ளும், இரு பம்பும் சேர்த்து நிமிடத்துக்கு 0.8 மி.லி. விட்டால் பத்து நிமிடம் தங்கும். ஒரு பம்பில் ஆல்டிஹைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, பாஸ்பேட் தாங்கல் (அமிலத்தன்மையை பிஎச் 4 அளவில் வைத்திருக்க), கரைப்பானாக அசிட்டோநைட்ரைல். மற்றதில் நீரில் கரைத்த குளோரைட், மோல் கணக்கில் ஆல்டிஹைடைப் போல் 1.4 மடங்கு. பெராக்சைடு, வினையில் துணைவிளைபொருளாக வரும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை விழுங்கி ஆக்சிஜனாக வெளியேறும். அந்தக் குமிழிகள் திரவத்தைத் தள்ளுவதால் தங்கும் நேரம் குறையும். வினை பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். குமிழிகளை அமுக்கிவைக்க, குழாயின் வெளிவாயில் பின்னழுத்த வால்வு பொருத்துங்கள். திரவம் மஞ்சளானால் குளோரின் டைஆக்சைடு என்ற நச்சு வாயு உருவாகிறது, பம்பை நிறுத்துங்கள்.

ரப்பர்பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமில டிரம் பக்கத்தில் குளோரைட்டை வைக்கவே கூடாது.