முதுகைத் தொட்டுப் பார்க்காமலேயே பேக்கேஜ் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

இடுப்பு வலி, முதுகுப் பிடிப்பு என்று எங்கே போகலாமென யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். இதே முறையில் நடத்தும் இடங்கள் நிறைய இருப்பதால் அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

கனமான பெட்டி ஒன்றைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. மறுநாள் காலையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. முதுகுத்தண்டு சிறப்பு மையம் என்று பலகை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். நுழைந்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார்கள். வலி எப்போது ஆரம்பித்தது, காலுக்கு இறங்குகிறதா, எங்காவது மரத்துப்போகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. ரிப்போர்ட் வந்ததும் 'டிஸ்க் பல்ஜ்' என்ற இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டி, "ஜவ்வு பிதுங்கியிருக்கு. இப்படியே விட்டா நடக்கவே முடியாமப் போயிடும். ஆபரேஷன் வேண்டாம்னா இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார் அங்கிருந்தவர். பல தடவை சிகிச்சையைச் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் போட்டு, பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினேன். வலியில் துடிப்பவரிடம் இப்படிச் சொன்னால் யாரும் கட்டத்தான் செய்வார்கள்.

முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015-ல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதினரில் அது 84 சதவீதம். பிதுக்கம் தெரிகிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. அந்த மையத்தில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சிகிச்சை என்று நடந்தது டிராக்ஷன் (முதுகுத்தண்டை இழுத்துப் பிடிப்பது), அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் அல்ல, வலியுள்ள இடத்தில் ஒலி அலை கொடுப்பது), இடுப்புக்கு ஒரு பெல்ட். உதவியாளர் ஜெல்லைத் தடவி, கருவியை இடுப்பில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இன்னொரு கையில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் அடுத்த ஆள். ஒரு உடற்பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. பிறகுதான் படித்தேன்: இந்த மூன்றையும் கீழ்முதுகு வலிக்குக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016-லேயே சொல்லியிருக்கிறது. நாள்பட்ட வலிக்கும் இவை வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

வலி குறையாததால் வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் என்னைப் பேச விட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலில். படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்திப் பார்த்தார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். "நரம்பு நல்லா இருக்கு, இது தசைப்பிடிப்பு. படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச அளவு நடங்க" என்றார். இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் சில வாரங்களிலேயே தணிந்துவிடும் என்றும் சொன்னார். வெந்நீர் ஒத்தடமும் எளிய பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார். அந்தந்தத் தடவைக்கு மட்டும் பணம் வாங்கினார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே வந்தாலோ பிசியோதெரபிக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்து அடிபட்டது இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அந்த மையத்தில் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பணம் போனதைவிடக் கோபம். என் இடத்தில் அப்படிப்பட்ட ஒருவர் இருந்திருந்தால் அவரையும் டிராக்ஷனில்தான் படுக்க வைத்திருப்பார்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்றிருந்ததைக் காட்டினார்கள். எழுத்தில் கேட்ட பிறகுதான் ஸ்கேன் படங்களையே கொடுத்தார்கள். ரசீது, ரிப்போர்ட், அந்தச் சிவப்பு வட்டம் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.