கயிறு, ரவுண்ட் பென், கிளிக்கர்: குதிரையைப் பழக்க எது, எப்போது?

இயற்கை முறைக் குதிரைப் பயிற்சி என்று பேசும்போது இன்று மூன்று வழிகள் அடிபடுகின்றன. ஹால்டரும் (குதிரையின் தலையில் மாட்டும் பட்டை) நீளக் கயிறும் வைத்து, அழுத்தம் கொடுத்து, குதிரை இணங்கியதும் தளர்த்துவது ஒன்று. ரவுண்ட் பென் எனப்படும் வட்ட வேலிக்குள் கயிறில்லாமல் ஓடவிட்டுப் பழக்குவது இன்னொன்று. கிளிக்கர் என்ற சின்னக் கருவியால் கிளிக் சத்தம் கொடுத்துத் தீனி தருவது மூன்றாவது. கயிற்று வேலையை டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்ற மேற்கு அமெரிக்கக் குதிரைக்காரர்கள் செம்மைப்படுத்தினார்கள். பாட் பரெல்லி அதைப் படிப்படியான பாடமாக்கிப் பரப்பினார். ரவுண்ட் பென் முறையைப் பிரபலமாக்கியவர் மான்டி ராபர்ட்ஸ். கிளிக்கர் முறை, டால்பின் பழக்குபவர்கள் வழியாகப் பரவியது.

எது அன்பான முறை என்ற சண்டை ஓயவே ஓயாது. அதைவிட, ஒவ்வொன்றிலும் பழக்குபவரின் கை எங்கே தவறும், அந்தத் தவறுக்குக் குதிரை என்ன விலை கொடுக்கும் என்று பார்ப்பது பயன்படும். அப்படிப் பார்த்தால் கயிறு அடித்தளம், தீனி பயத்துக்கான மருந்து, ரவுண்ட் பென் அளந்து எடுக்க வேண்டிய கருவி.

கயிறு

ரோப் ஹால்டர் சுமார் 6 மி.மீ. கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்தது. மெல்லியது என்பதால் மூக்கின் மேல் சின்ன அழுத்தமும் உறைக்கும். கூடவே 12 அடிக் கயிறு ஒன்று, விரல் தடிமனில், கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இலேசான கயிற்றில் நீங்கள் தளர்த்தியது குதிரைக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: ரோப் ஹால்டரில் குதிரையைக் கட்டிப்போடக் கூடாது. மிரண்டு பின்னால் இழுத்தால் அது அறுந்து கொடுக்காது. மூக்கெலும்பும் காதுக்குப் பின்புறமும் அடிபடும். வண்டியில் ஏற்றிப் போகும்போதும் ஆபத்துக்கு அறுந்துபோகும் தோல் ஹால்டர்தான் சரி.

முதலில் கற்றுத்தர வேண்டியது பின்பக்கத்தை நகர்த்துவது. தோளருகே நின்று குதிரையின் தலையை உங்கள் பக்கம் இலேசாகத் திருப்புங்கள். பார்வை இடுப்பில் இருக்கட்டும். சவாரி செய்பவரின் குதிகால் படும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரல் நுனியை வையுங்கள். முதல் மூன்று வினாடி மயிரில் மட்டும் படட்டும். அசையவில்லையென்றால் தோல்வரை, பிறகு தசைவரை, கடைசியாக எலும்புவரை அழுத்தம் ஏறும். குதிரை எடையை மறுபக்கம் சாய்த்த கணமே கையை எடுங்கள். முழு அடி வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது பாடம் படிப்பது கை விலகும் அந்த நொடியில்தான். சரியாக வந்தால் உங்கள் பக்கத்துப் பின்கால் மற்றதற்கு முன்னால் குறுக்கே போகும். கால் பின்னால் போனால் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். குதிரை முன்னே நடந்துபோனால் கயிறு மிகவும் தளர்ந்திருக்கிறது.

இந்த முறை கெடுவது இரண்டு விதத்தில். குதிரை தலையைத் தூக்கி உதறும்போது பயந்து விட்டுவிட்டால், உதறினால் விடுதலை என்று அது கற்றுக்கொள்ளும். சொன்னபடி நகர்ந்த பிறகும் தொணதொணவென்று கயிற்றை ஆட்டினால், எதைச் செய்தும் பயனில்லை என்று மரத்துப்போகும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. அப்படி மரத்த குதிரையைத்தான் ‘பிடிவாதக்காரக் குதிரை’ என்று விற்றுவிடுகிறார்கள்.

ரவுண்ட் பென்

விட்டம் 15 முதல் 18 மீட்டர். அதைவிடச் சின்னதாக இருந்தால் வளைவில் ஓடும் கால் மூட்டுகளுக்குச் சுமை. தரையில் மணல் ஆழமாகக் கிடந்தால் தசைநார் பழுதாகும். வேலியில் குளம்பு மாட்டும் இடைவெளி இருக்கக் கூடாது. நடுவில் நிற்பவர் குதிரையின் இடுப்பை நோக்கி நகர்ந்தால் அது ஓடும், தோளுக்கு முன்னால் வந்தால் திரும்பும் அல்லது நிற்கும். உள்பக்கக் காது உங்கள் மேல் நிலைத்து, வட்டம் சுருங்கி, தலை தாழ்ந்தால், பின்வாங்கித் திரும்பி நில்லுங்கள். பெரும்பாலும் குதிரை உங்களைத் தேடி வரும்.

பார்க்க அற்புதமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது கயிற்றில் நடக்கும் அதே விஷயம்: துரத்தல் அழுத்தம், நிறுத்தல் விடுவிப்பு. வெளியேற வழியில்லாததால் அழுத்தம் பல மடங்கு பெரிது. வாயை நக்கி மெல்லுவதைச் சம்மதத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். பதற்றம் தணியும்போதும் குதிரை அதைச் செய்யும். அது மட்டும் நம்பிக்கைக்குச் சான்றாகாது. இளம் குதிரைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாய்ச்சல் ஓட்டமும் வேண்டாம். கயிறில்லாமல் நில், நட, திரும்பு என்று உடலால் பேசிப் பார்க்க இந்த இடம் அருமையானது. பயந்த குதிரையைக் களைக்க வைத்து வழிக்குக் கொண்டுவர இதைப் பயன்படுத்துவது மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

கிளிக்கர்

முதல் வாரம் வேலிக்கு இப்பக்கம் நீங்கள், அப்பக்கம் குதிரை. குச்சி நுனியில் ஒரு பந்து. மூக்கு பந்தைத் தொட்டதும் கிளிக், உடனே தீனி. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். ஒரு வாய்க்கு ஒரு சிட்டிகை புல் பெல்லட் (புல்லை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) போதும். கேரட் என்றால் நீளவாக்கில் வெட்டுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கலாம். கையை நன்றாக நீட்டி, குதிரை தன் நெஞ்சுக்கு நேரே தலை வைத்துத் தின்னும்படி கொடுக்க வேண்டும். பையை முட்டும்போது ஒரு முறை கொடுத்துவிட்டாலும், முட்டினால் கிடைக்கும் என்று பதிந்துவிடும். அதிலிருந்து கடிக்குப் போக அதிக நாளாகாது. குளம்பழற்சி வந்த குதிரைக்குச் சர்க்கரை குறைந்த தீனி மட்டுமே.

சவாரியில் இது தடுமாறும், ஒவ்வொரு முறையும் நின்று குனிந்து கொடுக்க வேண்டும். கடுமையாக மிரண்ட குதிரை தின்னவே தின்னாது. ஆனால் அந்த மறுப்பே ஒரு செய்தி: எல்லை தாண்டிவிட்டீர்கள், பத்தடி பின்னால் போங்கள்.

ஒரே வேலை, மூன்று வழி

வண்டியில் ஏற மறுக்கும் குதிரையை எடுத்துக்கொள்வோம். கயிற்று முறையில் சாய்பலகைவரை போய், குதிரை தயங்குவதற்குள் நாமே பின்னுக்கு அழைத்து வருவோம். ஒவ்வொரு முறையும் ஓரடி கூடும். கைத்திறன் உள்ளவரிடம் இது ஒரே நாளில் முடியலாம், இல்லாதவரிடம் இழுபறியாகி, பின்வாங்கும் பழக்கத்தை வளர்த்துவிடும். தீனி முறையில் பந்து சாய்பலகைமேல், பிறகு உள்ளே என்று நகரும். பல நாள் பிடிக்கும், ஆனால் ஏறிய குதிரை அடுத்த வாரமும் ஏறும். ரவுண்ட் பென் இங்கே உதவாது.

படபடக்கும் தார்ப்பாய்க்குப் பழக்கும்போது இன்னொரு பொறி உண்டு. பாயை ஆட்டிக்கொண்டே இருந்தால் குதிரை ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். கழுத்து விறைத்து, வாய் இறுகி, கண் இமைக்காமல் நின்றால் அது உறைந்துபோன குதிரை, அமைதியடையவில்லை. தலையைத் தாழ்த்தி மூச்சை நீளமாக விடும்வரை பாயைத் தொலைவில் வைத்தே வேலை செய்யுங்கள்.

சவாரிக்கு

குதிரைக்குமுன் மனிதருக்குப் பாடம் எடுங்கள். ஒருவர் கண்ணை மூடிக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கட்டும், மற்றவர் மறுமுனையால் பேச்சில்லாமல் வலம், இடம், பின்னால் என்று நடத்தட்டும். கை எவ்வளவு தாமதமாக விடுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு லகான் இல்லாமல், இன்னொருவர் கயிற்றைப் பிடித்துச் சுற்றவைக்கும் குதிரையில் சமநிலைப் பயிற்சி. லகானைப் பிடித்துச் சமாளிக்கும் கை, எந்த முறையையும் பாழாக்கும்.

மேலே ஏறியதும் முதல் வேலை ஒற்றை லகான் நிறுத்தம். ஒரு கையால் அந்தப் பக்க லகானை மட்டும் பற்றி மெல்லத் தொடைப்பக்கம் கொண்டுவந்தால், தரையில் கற்ற அதே பின்பக்க நகர்வு வந்து குதிரை நிற்கும். நடையில் நூறு முறை வந்த பிறகே துள்ளுநடையில் முயல வேண்டும். பாய்ந்தோடும் குதிரையின் தலையைச் சடாரென்று மடக்கினால் கால் இடறி விழும். அங்கே வட்டத்தைப் படிப்படியாகச் சுருக்கித்தான் நிறுத்த வேண்டும்.