சேலத்தில் பெரியம்மாவுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன்

மெல்பர்னிலிருந்து பொங்கலுக்கு ஊர் வந்திருந்த ஆறு வாரங்களில் பெரும்பகுதி, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவதிலேயே கழிந்தது. 74 வயதான பெரியம்மாவின் இடது சிறுநீரகத்தில், இடுப்பு வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் தற்செயலாக ஒரு கட்டி தெரிந்திருந்தது. முதலில் பார்த்த மையம் 'நீர்க்கட்டி' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததால், வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒற்றை வரியை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் நாங்கள் பார்த்த சிறுநீரக அறுவை மருத்துவர், நீர்க்கட்டியென்றால் அதன் பின்புறம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும், இதில் அது இல்லை என்று சொல்லி, சி.டி. எடுக்கச் சொன்னார். ஸ்கேன் மையத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தத்தின் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே, ரத்தம் பாயும் இடங்களைப் படத்தில் ஒளிரச் செய்யும் மருந்தை ஏற்றினார்கள். மருந்துக்கு முன்பு ஒரு முறையும், ஏற்றிய பிறகு அரை நிமிடம், ஒன்றரை நிமிடம், சில நிமிடங்கள் என்ற இடைவெளிகளில் மூன்று முறையும் படம் எடுத்தார்கள். பெரியம்மாவுக்குக் காது மந்தம் என்பதால், டெக்னீஷியன் தம்பி உள்ளே வந்து, "நான் கையைத் தூக்கினா மூச்சைப் பிடிச்சுக்குங்க பாட்டி, இறக்கினா விட்டுடுங்க" என்று பழக்கிக் காட்டிவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்று ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினார்.

ரேடியாலஜி மருத்துவர் எங்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, கட்டியின் மேல் ஒரு சிறு வட்டம் போட்டுக் காட்டினார். சி.டி. படத்தில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில், மருந்துக்கு முன் 32. பிறகு 41, அதன் பின் 56. தெளிந்த நீரென்றால் 20-க்குள் இருக்கும், மருந்துக்குப் பிறகும் ஏறாது. 20 அலகுக்கு மேல் ஏறியிருப்பதால் இது ரத்தம் பாயும் திசுக்கட்டி என்றார். வழக்கமாகக் காணப்படும் கிளியர் செல் வகைச் சிறுநீரகப் புற்றுநோய், மருந்து ஏற்றிய அரை நிமிடத்தில் எடுக்கும் படத்திலேயே பளிச்சென்று ஒளிரும், இதுவோ மெதுவாக, மங்கலாகவே ஏறுகிறது, ஆகவே பாப்பிலரி என்ற இன்னொரு வகைச் சிறுநீரகப் புற்றுநோயாகவோ அதைவிட அரிய ஒன்றாகவோ இருக்கலாம், படத்தை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்று அறிக்கையிலும் அப்படியே எழுதினார். தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதிய அந்த நேர்மைக்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊசி வழியாக எடுத்த திசுப் பரிசோதனையில் 'மியூசினஸ் டியூபுலார் அண்ட் ஸ்பிண்டில் செல் கார்சினோமா' என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2004-இல்தான் தனி வகையாகச் சேர்த்த இந்த அரிய சிறுநீரகப் புற்றுநோய், பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் மெதுவாக வளர்வது. கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்ததால், அதை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடுவதற்காக, நான்கு கட்டப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டைப் பெரியம்மாவின் புடவை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.