சுஜோ போகிறவர்களுக்கு: 5 யுவான் ரிக்‌ஷாவில் ஏறாதீர்கள்

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்தில் சுஜோ வந்துவிடும். கால்வாய்களுக்கும் தோட்டங்களுக்கும் பேர்போன ஊர். நான் போனது பட்டுக்காக. ஆரணியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் தறியில் ஏறும் பாவு நூல் சில சமயம் சீனாவிலிருந்து வந்ததுதான் என்று அப்பா சொல்வார். அந்தப் பட்டு பிறந்த பக்கத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. அங்கே என் கண் முன்னால் ஒரு தோழியின் தலையில் போலிப் பட்டைக் கட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

பிங்ஜியாங் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கினேன். அடுக்குக் கட்டில் போட்ட அறை. முதல் நாள் இரவே மூன்று பேர் பழக்கமானார்கள்: பிரேசிலைச் சேர்ந்த ஒரு நர்ஸ், போலந்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், வியட்நாமிலிருந்து வந்த கல்லூரி மாணவன். நான்கு பேருக்கும் சீன மொழி தெரியாது. நர்ஸ் தன் அம்மாவுக்கு ஒரு பட்டு ரஜாய் வாங்கவென்று தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

காலையில் கால்வாய் ஓரமாகவே நடந்தோம். சுஜோவின் வரைபடம் ஒன்றை 1229-இல் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் தெருவும் கால்வாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது போலத்தான் பிங்ஜியாங்கில் இன்றும் ஓடுகின்றன. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வீட்டுப் பின்கதவிலிருந்து நேராகத் தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள். ஒரு பாட்டி அந்தப் படியில் உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே சுஜோ போகலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் எளிய அதிகாரியின் தோட்டம் என்று அழைக்கப்படும் மிங் காலத்துத் தோட்டத்துக்குப் போனோம். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், கூட்டம் நெரிந்தது. வெளியே வரும்போது கால் கெஞ்சியது. வாசலிலேயே சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் படகுப் படம் போட்ட அட்டையை நீட்டி, ஐந்து விரலைக் காட்டினார். ஆளுக்கு 5 யுவான், பழைய கால்வாயில் படகு என்று போனில் மொழிபெயர்த்தும் காட்டினார். இரண்டு ரிக்‌ஷாவில் ஏறினோம்.

அங்கேயே யோசித்திருக்க வேண்டும். வெயிலில் நான்கு பேரை ஏற்றி மிதித்துக்கொண்டு போக ஆளுக்கு 5 யுவான் யாருக்கும் கட்டாது. அவர்களுக்கு வருமானம் நம் கையிலிருந்து இல்லை, நம்மைக் கொண்டுபோய் இறக்கும் கடையின் கமிஷனிலிருந்து வருகிறது.

இறக்கியது படகுத்துறையில் இல்லை, பட்டு அருங்காட்சியகம் என்று சொல்லி ஒரு கடை வாசலில். உண்மையான பட்டு அருங்காட்சியகம் ரென்மின் சாலையில், வடகோயில் பகோடாவுக்கு அருகில் இருக்கிறது. இது அது இல்லை. உள்ளே நுழைந்ததும் தட்டில் உயிருள்ள பட்டுப்புழுக்கள். இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூட்டில் இழை சிக்கிக்கொள்ளும், நூலாக இழுக்க வராது, அதனால் அதை விரித்து ரஜாய்க்குப் போடுவார்கள். அதைச் செய்தும் காட்டினார்கள். நான்கு பெண்கள் நான்கு மூலையைப் பிடித்து இழுக்க, கையளவு பட்டு கட்டில் அகலத்துக்கு விரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே காட்டியது அசல் பட்டுதான். பக்கத்து அறையில் விற்றதுதான் வேறு.

நர்ஸ் 1,680 யுவானுக்கு ஒரு ரஜாய் எடுத்தாள். நல்ல பட்டு ரஜாயில் ஓரத்தில் சின்ன ஜிப் வைத்திருப்பார்கள், திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். விற்பனைப் பெண் அதைத் திறந்து, மேலாக ஒரு கொத்தை எடுத்துக் காட்டினாள். இன்னும் ஆழத்திலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பழகி ஒரு நாள்தான் ஆகிறது, அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள், நான் யார் குறை சொல்ல என்று நினைத்துவிட்டேன். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் அதே தயக்கம் இருந்ததாக அன்று ராத்திரி சொன்னார்கள். புதுப் பழக்கத்தில் ஒருவர் முகத்துக்காக இன்னொருவர் பேசாமல் இருப்போம் என்பது அந்தக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

படகும் கடைசியில் வந்தது. விலைப்பலகை இல்லாத ஒரு படித்துறை, ஆளுக்கு 180 யுவான், ரொக்கமாக மட்டும். 5 யுவான் ரிக்‌ஷாவுக்கு மட்டும்தானாம். கால் மணி நேரத்தில் சுற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் ஷான்தாங் தெருவில் படகு டிக்கெட் ஜன்னலில் எழுதியிருந்த கட்டணம் அதில் பாதிகூட இல்லை.

இரவு ஹாஸ்டல் வரவேற்பில் இருந்த பெண் ஜிப்புக்குள் கையை முழுதாக விட்டு அடியிலிருந்து இழை எடுத்தாள். நான் லைட்டர் வைத்தேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம். மேலே ஒரு அடுக்கு பட்டு, உள்ளே எல்லாம் பாலியஸ்டர். நர்ஸ் எதுவும் பேசாமல் ஜிப்பை மூடினாள்.

மறுநாள் கடைக்குப் போனோம். ரசீது என்று கொடுத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு, அது செல்லாது என்று கைவிரித்தார்கள். சீனாவில் அரசு வரி ரசீதுக்கு ஃபாபியாவ் என்று பெயர். எது வாங்கினாலும் அதைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். ஹாஸ்டல் பெண்தான் 12315-க்குப் போன் செய்தாள். நுகர்வோர் புகாருக்கான எண் அது. சீன மொழி பேசுகிற ஒருவர் உடன் இருப்பது நல்லது. அவர்கள் கேட்டது கடை முகவரியும் பணம் கொடுத்ததற்கான ஆதாரமும். நல்லவேளை, நர்ஸ் தன் ஊர் கார்டை இணைத்து அலிபே என்ற போன் செயலியில் பணம் கட்டியிருந்தாள். 200 யுவானுக்கு மேல் வெளிநாட்டு கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள், பரவாயில்லை, பதிவு இருக்கிறதே. கடை வாசலில் இருந்த பெயர் ஒன்று, அலிபேயில் பதிவான பெயர் வேறொன்று. அந்த வித்தியாசத்தைச் சொன்ன பிறகுதான் கடைக்காரர்களின் குரல் இறங்கியது என்று ஹாஸ்டல் பெண் சொன்னாள். படகுக்கு ரொக்கமாகக் கொடுத்த 720 யுவானைப் பற்றிப் புகார் சொல்ல எங்களிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து 1,000 யுவான் திரும்ப வந்தது. மீதிக்குக் காத்திருக்க நர்ஸிடம் நாள் இல்லை, ஹாங்ஜோவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். ரஜாயை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஸ்டேஷன் வரை கூடப் போனேன். கடையில் நினைத்ததையும் சொல்லாமல் விட்டதையும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை கையைப் பிடித்து இழுத்தாவது சொல் என்றாள்.