கோகா–தஹேஜ், கோகா–ஹசிரா: இரண்டு வாகனப் படகு வழிகள்

குஜராத்தின் கோகாவிலிருந்து தஹேஜுக்குக் கடல்வழி 31 கிலோமீட்டர். சாலையிலோ ஏறத்தாழ 360. கணக்கில் இதை வெல்லும் வழி இல்லை. ஏறக்குறைய 615 கோடி ரூபாய்த் திட்டமாக 2017 அக்டோபரில் இவ்வழியில் படகுச் சேவை தொடங்கியது; ஆனால் நர்மதை முகத்துவாரத்தின் வண்டல் தஹேஜ் துறையின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே இருந்ததால், தூர்வாருதல் ஓயாத செலவாகி, 2019 செப்டம்பரில் படகு நின்றது. முனையத்துக்கு ஒருமுறை நிதி திரட்டினால் போதும். ஆழத்துக்கோ ஆண்டுதோறும் திரட்ட வேண்டும் என்பதைத் திட்டமிட்டோர் குறைத்தே மதிப்பிட்டனர் எனலாம்.

ஹசிரா வழி 90 கிலோமீட்டர், சுமார் 4 மணி நேரம், எரிபொருளும் கூடுதல். ஆயினும் 2020 நவம்பரில் 30 லாரிகளை ஏற்றும் கப்பலுடன் தொடங்கிய இவ்வழிக்கு, ஆழ்கடல் துறைமுகமும் சூரத்தின் சரக்கும் அருகிலேயே இருந்தன. பணம் போடுபவர் நானாயின், நீண்ட வழியையே தேர்வேன்.